இருபது நிமிஷத்துல வர்றேன்

எங்கள் தீவுக்கும் நகரத்துக்கும் நடுவே பறக்கிற குட்டி விமானத்துக்கு ஊர் வைத்த பெயர் ‘இருபது நிமிஷம்’. அதன் சொந்தப் பெயர் வாலில் ஏதோ எழுத்தும் எண்ணுமாக எழுதியிருக்கிறது. அதை யார் வாயில் நுழைய வைப்பது? விமானம் வந்த புதிதில் கம்பெனிக்காரர்கள் ஓடுதளத்து வாசலில் ஒரு பலகை நட்டார்கள். நீலக் கடல், அதன் மேல் வெள்ளை விமானம், ஜன்னல் வழியே பல்லைக் காட்டுகிற ஒரு குடும்பம், கீழே ‘எண்பது கிலோமீட்டர், இருபதே நிமிஷம்’. அன்றிலிருந்து அதுவே பெயர். “இருபது நிமிஷம் வந்துடுச்சா?” என்பார்கள். “இருபது நிமிஷம் இன்னிக்குக் கிடையாதாம்” என்பார்கள். பஸ்ல வர்றேன், போட்ல வர்றேன் என்று சொல்வதுபோல, “நாளைக்கு இருபது நிமிஷத்துல வர்றேன்” என்பார்கள். முந்தைய நாள் கிளம்பவேண்டிய விமானம் மறுநாள் கிளம்பினாலும் அதில் வருகிறவர் இருபது நிமிஷத்துலதான் வருவார். இதில் யாருக்கும் சிரிப்பு வந்ததாக எனக்கு நினைவில்லை.

அந்த இருபது நிமிஷத்தின் வயிற்றைக் கழுவுவதுதான் என் அத்தையின் வேலை.

விமானம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒன்பது பேர் முதுகை வளைத்து, முழங்காலை மடக்கி உட்கார வேண்டும். உயரப் போகாது. மேகத்துக்குக் கீழே, கடல் காற்று அறைகிற இடத்திலேயே, பழைய வேன் பள்ளத்தில் விழுந்து எழுவதுபோல வரும். இதில் ஏறுவதற்கு முன்னால் மனிதர்கள் ஏன் வயிறு முட்டத் தின்கிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை. தரையிறங்கும்போது முன் சீட்டின் முதுகில் செருகியிருந்த காகிதப் பைகளில் பாதி நிறைந்திருக்கும். சிலருக்குப் பையை எடுக்கவே நேரம் இருந்திருக்காது. சீட்டிலும் தரையிலும் பக்கத்து ஆளின் செருப்பிலும் ஆகியிருக்கும். வெயிலில் நிற்கிற தகரப் பெட்டிக்குள் பெட்ரோல் வாடையும் புளித்த வாந்தியும் கலந்து கொதிக்கும். எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கி ஓடுவார்கள், தங்களுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லாததுபோல. அப்புறம் அத்தை ஒரு வாளி, நாலைந்து கந்தல், சுரண்டுவதற்கு ஒரு தகடு, ஒரு பாட்டில் மருந்துத் தண்ணீர் இவற்றோடு உள்ளே போவாள்.

கையுறை கிடையாது. ஒரு தடவை தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு டப்பா வந்தது. மேனேஜர் அதைத் தன் பைக் கழுவ எடுத்துப் போய்விட்டார்.

இந்த மேனேஜருக்கும் ஊர் பெயர் வைத்திருந்தது. ‘அஞ்சு நிமிஷம்’. என்ன கேட்டாலும் அதுதான் பதில். விமானம் எப்போது வரும், கழிவறைக்கு எப்போது தண்ணீர் வரும், சம்பளம் எப்போது வரும், எல்லாவற்றுக்கும் அஞ்சு நிமிஷம். சட்டைப்பையில் சீப்பு வைத்திருப்பார். பதில் சொல்லி முடித்ததும் தலை வாருவார். “அஞ்சு நிமிஷம் சீப்பை எடுத்துட்டான், இருபது நிமிஷம் இன்னிக்கு வராது” என்று போர்ட்டர்கள் சொல்லிக்கொள்வார்கள்.

அத்தை என் அப்பாவின் அக்கா. விமானம் வருவதற்கு முன்னால் ஐஸ் ஷெட்டில் மீன் குடல் எடுத்துக்கொண்டிருந்தாள். மாமா படகு ஓட்டினவர். படகு இன்ஜினுக்கு ஒரு பார்ட் வாங்கி வருகிறேன் என்று நகரத்துக்குப் போனார். நான் அப்போது பள்ளியில் சேரவில்லை. “பார்ட் இன்னும் கிடைக்கலையாம்” என்பாள் அத்தை, யாராவது அவரைப் பற்றிக் கேட்டால். கேட்டவர்கள் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் விழிப்பார்கள். அப்புறம் எங்கள் வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

மீன் நாற்றம் போய் வாந்தி நாற்றம் வந்தது, அவ்வளவுதான். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் அந்த மருந்துத் தண்ணீரின் காரம் அவள் விரலிடுக்கில் நிற்கும். அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட எங்கள் வீட்டில் போட்டி இருக்காது. தெருப் பிள்ளைகள் ‘பை அத்தை’ என்று கூப்பிடும். அவளுக்குக் கோபம் வராது. ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் அவள் முகம் சுளித்துப் பார்த்திருக்கிறேன். வாந்தி எடுத்த பையை மடித்து, பாதுகாப்பு அட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டுப் போகிறவர்கள். “எடுத்தவனை ஒண்ணும் சொல்ல மாட்டேன்டி. வயிறு என்ன அவன் சொன்ன பேச்சையா கேக்குது? அதை மறைச்சு வெச்சுட்டு, தலையை நிமிர்த்திக்கிட்டு இறங்கிப் போறான் பாரு, அவனைத்தான் சீன்னு இருக்கு.”

அந்த ‘சீ’யை அவள் சொல்கிற விதம் எனக்குப் பிடிக்கும். துப்பாமலே துப்புவது.

போன வருஷம் மருந்துத் தண்ணீர் மாற்றினார்கள். புதியது விலை குறைவு, காரம் அதிகம். மூடி இறுகியிருந்த பாட்டிலை அத்தை சீட்டுக்கு அடியில் குனிந்தபடி திருகியபோது அது பொங்கி முகத்தில் அடித்தது. கழிவறைக்கு ஓடினாள். தண்ணீர் இல்லை. அஞ்சு நிமிஷத்தில் வரும் என்று மேனேஜர் சொன்னார். குடிக்கிற தண்ணீர்க் குடத்தைத் தூக்கி ஒரு போர்ட்டர்தான் அவள் முகத்தில் ஊற்றினான். இடது கண்ணில் வெள்ளை படர்ந்தது. வலது கண்ணிலும் கொஞ்சம் பட்டிருந்தது. நகரத்துப் பெரிய கண் ஆஸ்பத்திரியில் சொன்னது இதுதான்: இடது கண்ணுக்கு வேறு கருவிழி வைத்தால் பார்வை வரும், வலது கண் மெல்ல மெல்ல மங்கிக்கொண்டே போகும், அதற்கு ஒன்றும் செய்வதற்கில்லை. அதாவது, இடது கண்ணை மாற்றாவிட்டால் கொஞ்ச காலத்தில் இரண்டுமே இருட்டு.

கருவிழி கடையில் கிடைப்பதில்லை. யாராவது இறந்து, கொடுத்தால்தான். ஆஸ்பத்திரியில் பெயர் பதிந்து வைத்தோம். நான் அப்போதே நகரத்தில் ஒரு கணக்கு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கினவள் நான் ஒருத்திதான், அதனால் ஆபீஸ் மாதிரி எதுவாக இருந்தாலும், “நீ படிச்சவ, நீ பேசு” என்று என்னை முன்னால் தள்ளுவார்கள். விலாசம் கேட்டபோது என் வாடகை அறையின் விலாசத்தைக் கொடுத்தேன். தீவுக்குக் கடிதம் போய்ச் சேருவதற்குள் மழைக்காலம் வந்துவிடும், இது புத்திசாலித்தனம் என்று நினைத்தேன். போன் நம்பர் மட்டும் அத்தையுடையது.

கம்பெனி என்ன சொன்னது என்றால், அவள் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வேலை செய்திருக்க வேண்டுமாம். எந்தக் கண்ணாடி என்று நான் கேட்டேன். மேனேஜர் சீப்பை எடுத்தார்.

அத்தை ஒற்றைக் கண்ணோடு வேலைக்குப் போனாள். கொஞ்ச நாளில் மேனேஜர், “துடைச்ச மாதிரியே இல்லையே, கை மட்டும் அசையுதா?” என்று கேட்க ஆரம்பித்தார். அவள் விரலால் தடவித் தடவித் துடைத்தாள். கண்ணுக்குத் தெரியாததைக் கையால் கண்டுபிடித்துத் துடைப்பது என்றால் எதைத் தொட்டுப் பார்க்கவேண்டும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். நான் யோசித்தேன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அது அவள் மேல் உள்ள பரிவா, வெறும் குமட்டலா என்று எனக்கே தெரியவில்லை. இரண்டும் தொண்டையில் ஒரே இடத்தில்தான் உட்காருகின்றன.

ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்த அன்று நான் தீவில்தான் இருந்தேன். விடுமுறை முடிந்து நகரத்துக்குத் திரும்ப, காலை விமானத்துக்காக ஓடுதளத்துக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தேன். அத்தை வேலை உடுப்பில், தரையை ஈரத்துணியால் இழுத்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எடுத்தாள். நர்ஸ் பேசினாள். கருவிழி வந்திருக்கிறது, பெரிய டாக்டர் மதியம் வரைதான் இருப்பார், உங்கள் பெயர்தான் முதலில், உடனே வர முடியுமா, எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டாள்.

அத்தையின் முகம் சட்டென்று சின்னப் பிள்ளை முகம்போல ஆகிவிட்டது.

“இருபது நிமிஷத்துல வர்றேன்மா” என்றாள்.

“சரி, வாங்க, வாங்க” என்று நர்ஸ் வைத்துவிட்டாள்.

பக்கத்தில் நின்ற எனக்கு அதில் எந்தத் தப்பும் தெரியவில்லை. வேறு எதில் வருவாள்? படகில் போனால் ஒரு பகல் ஆகும். விமானத்தில்தானே வரமுடியும். அத்தை வீட்டுக்கு ஓடி, பெட்டியில் மடித்து வைத்திருந்த பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். இத்தனை வருஷம் விமானத்தைக் கழுவியும் அது தரையை விட்டு எழும்பும்போது அவள் உள்ளே இருந்ததில்லை. வேலை பார்க்கிறவர்களுக்கு டிக்கெட் இல்லாமல் பயணம் உண்டு, சீட் காலியாக இருந்தால். ஒரு சீட் காலியாக இருந்தது.

விமானம்தான் இன்னும் நகரத்தை விட்டே கிளம்பவில்லை. அங்கே மேகமாம். எப்போது வரும் என்று நான் கேட்டேன். மேனேஜர் என்ன சொல்லியிருப்பார் என்று எழுதத் தேவையில்லை. அத்தை நிழலில் உட்காரவில்லை, சேலை கசங்கும் என்று நின்றுகொண்டே இருந்தாள். வெயில் ஏறியது. ஒரு வழியாக விமானம் வந்து, கதவு திறந்து, ஒன்பது பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கினார்கள். வழியில் காற்று மோசமாம். அந்த நாற்றம் கொட்டகை வரைக்கும் வந்தது.

மேனேஜர் அத்தையைப் பார்த்தார். அவள் லீவு சொல்லிவிட்டாள், நல்ல சேலை கட்டியிருக்கிறாள், ஆஸ்பத்திரிக்குப் போகிறாள், எல்லாம் அவருக்குத் தெரியும்.

“நீங்கதானே ஏறப் போறீங்க” என்றார். “உங்க சீட்டை நீங்களே துடைச்சுக்கிட்டா என்ன குறைஞ்சா போயிடும்? அப்படியே மத்ததையும் ஒரு இழுப்பு இழுத்துடுங்க.”

அத்தை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாளியை எடுத்தாள். நானும் போகிறேன் என்று எழுந்தேன். “நீ வந்தா ரெண்டு வேலை, உன்னோடதையும் சேர்த்துக் கழுவணும்” என்றாள். அது உண்மைதான் என்பதால் நான் கொட்டகையிலேயே நின்றேன். படித்தவள் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன் என்று எழுதிக்கொள்ளலாம். போன் அவள் பையில் இருந்தது, பை உள்ளே சீட்டின் மேல். விமானத்துக்குள் போனை அணைத்து வைக்க வேண்டும் என்று எழுதியிருப்பதால், சேலை மாற்றிக்கொண்டு வரும்போதே அவள் அணைத்துவிட்டிருந்தாள். எழுதியிருப்பதை எல்லாம் நம்புகிறவள்.

கழுவி முடிந்து எல்லோரும் ஏறும்போது அடுத்தது வந்தது. நகரத்து ஓட்டல் ஒன்றுக்கு நண்டுப் பெட்டிகள். தெர்மாகோல் பெட்டி, மேலே நாடா சுற்றியது, மூலையில் ஒழுகுகிறது. மற்றவற்றைப் பின்னால் அடுக்கியாகிவிட்டது, கடைசிப் பெட்டிக்கு இடம் இல்லை. மேனேஜர் அதைத் தூக்கி அத்தையின் சீட்டில் வைத்தார். வேலை பார்க்கிறவர்களுக்கு இடம் இருந்தால்தான் பயணம், இடம் இல்லை, சாயங்கால விமானத்தில் போகட்டும் என்றார்.

நான் கத்தினேன். என்னென்னவோ சொன்னேன். உரிமை, மனிதாபிமானம், புகார் என்ற வார்த்தைகள் எல்லாம் அதில் இருந்தன. மேனேஜர் நான் முடிக்கும்வரை தலை வாரிக்கொண்டிருந்தார். அத்தை என்னைத் தாண்டி உள்ளே போய், சீட்டிலிருந்த பெட்டியைத் தூக்கிவிட்டு உட்கார்ந்தாள். பெட்டியைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“இப்ப இடம் இருக்கா?” என்றாள்.

அவர் யோசித்தார். பாரம் பற்றி ஒரு விதி இருந்திருக்கும். அது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. கதவைச் சாத்தினார்கள்.

அந்தப் பயணத்தைப் பற்றி எழுதும்போது இப்போதும் வாயில் உப்பு ஊறுகிறது. நண்டுத் தண்ணீர் பச்சைச் சேலையில் சொட்டிக்கொண்டே வந்தது. அத்தை பெட்டியின் மேல் மோவாயை வைத்துக்கொண்டு, நல்ல கண்ணை ஜன்னல் பக்கம் திருப்பி, கடலைப் பார்க்க முயன்றாள். அவளுடைய இடது பக்கத்தில், அதாவது தெரியாத கண் பக்கத்தில், ஒரு காண்ட்ராக்டர் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. பாதி வழியில் விமானம் ஒரு குலுக்கு குலுக்கியது. அத்தை அவர் பக்கம் திரும்பவே இல்லை. அவர் தொண்டையில் வந்த சத்தத்தை மட்டும் கேட்டு, ஒரு கையால் பெட்டியை அணைத்தபடி, இன்னொரு கையால் பையை உருவி, பல்லால் பிரித்து, அவர் மோவாய்க்குக் கீழே நீட்டினாள். சட்டையில் ஒரு சொட்டு விழவில்லை.

அவர் முடித்தார். பையின் வாயை மடித்து அவளிடமே நீட்டினார். அவள் வாங்கியபோது விரல் விரலில் பட்டது. அவர் கைக்குட்டையை எடுத்துத் தன் விரலைத் துடைத்தார். தன் வாயைத் துடைப்பதற்கு முன்னால் விரலைத் துடைத்தார். பைலட் தலையைத் திருப்பி, “பின்னால ஒரு பொண்ணு ஒரு மாதிரி உக்காந்திருக்கு, அதையும் பாருங்கம்மா” என்றார். அந்தப் பொண்ணு நான்தான். இரண்டாவது பை எனக்கு ஆனது.

ஆக, நண்டுப் பெட்டி மடியில், அதன் மேல் இரண்டு பை, முதல் தடவையாக விமானத்தில் பறக்கிற என் அத்தை. ஜன்னலுக்கு வெளியே கடல் இருந்திருக்கும். அவள் பார்த்தாளா என்று நான் கேட்கவில்லை.

தரையிலிருந்து தரைக்கு இருபது நிமிஷம்தான் ஆனது. பலகை பொய் சொல்லவில்லை. பொய் சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு குமட்டியிருக்காது.

ஆஸ்பத்திரி வாசலில் அவள் போனைத் திறந்தபோது தவறிப்போன அழைப்புகளின் செய்திகள் வரிசையாக வந்து விழுந்தன. மாடியில் நர்ஸ் எங்களைப் பார்த்ததும் முதலில் மூக்கைச் சுருக்கினாள். அப்புறம் பெயரைக் கேட்டாள். அப்புறம் கோபம் வந்தது. அதில் நியாயமும் இருந்தது.

“இருபது நிமிஷம்னு சொன்னீங்க. ஒரு மணி நேரம் பார்த்தேன். போன் அடிச்சு அடிச்சுப் பார்த்தேன், அணைச்சே வெச்சிருக்கீங்க. அப்புறம்தான் அடுத்தவரைக் கூப்பிட்டேன். ஆபரேஷனே முடிஞ்சு போச்சு.”

அத்தை என்னைப் பார்த்தாள். நீ படிச்சவ, நீ பேசு.

நான் பேசினேன். இருபது நிமிஷம் என்பது நேரம் இல்லை, எங்கள் ஊரில் அது விமானத்தின் பெயர், பஸ்ல வர்றேன் என்கிற மாதிரி அவள் இருபது நிமிஷத்துல வர்றேன் என்று சொன்னாள், நீங்கள் அதை இவ்வளவு நேரத்துக்குள் என்று எடுத்துக்கொண்டீர்கள், இரண்டுக்கும் ஒரே ‘ல’தான் என்று விளக்கினேன். விளக்கும்போதே எனக்கும் அது புரிந்துகொண்டு வந்தது. ஒரு கணம், ஒரே ஒரு கணம்தான், அட, எப்படி ஒரு எழுத்து இரண்டு வேலை செய்கிறது என்று எனக்கு ஒரு சந்தோஷம்கூட வந்தது. பக்கத்தில் அத்தை கண் போய் நிற்கிறாள். படிப்பு என்றால் இதுதானா என்று அன்றிலிருந்து பல தடவை கேட்டுக்கொண்டுவிட்டேன்.

நர்ஸ் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். “தீவுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? விலாசம் இங்கே நாலு தெரு தள்ளி இருக்கு. நான் என்ன நினைப்பேன்? தீவுன்னு தெரிஞ்சிருந்தா சாயங்காலம் சின்ன டாக்டர்கிட்ட போட்டுவெச்சிருப்பேன். ராத்திரி ஆனாலும் செஞ்சிருப்பாங்க.”

அந்த விலாசத்தைக் கொடுத்த வாயை நான் மூடிக்கொண்டேன்.

அத்தைதான் கேட்டாள். “அவர் எதுல வந்தார்?”

“யாரு?”

“அந்த இன்னொருத்தர்.”

நர்ஸுக்குக் கேள்வி விளங்கக் கொஞ்சம் நேரம் ஆனது. “நடந்துதான் வந்தார். பக்கத்துலதான் இருக்கார்.”

“பக்கத்துல” என்று அத்தை திருப்பிச் சொன்னாள், புது வார்த்தை ஒன்றைச் சொல்லிப் பார்ப்பதுபோல.

உங்கள் பெயர் இன்னும் முதலில்தான் இருக்கிறது, அடுத்து வந்தால் கூப்பிடுகிறேன், எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது என்றாள் நர்ஸ். தீவு என்று விலாசத்தில் திருத்தட்டுமா என்று கேட்டாள். நான் ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அத்தை, “வேணாம்மா, அது சரியாத்தான் இருக்கு” என்றாள்.

அன்று சாயங்கால விமானத்தில் அவள் திரும்பவில்லை. என் அறைக்கு வந்தாள்.

என் அறை மாடியில். ஒரு கட்டில், ஒரு அடுப்பு, மூலையில் தடுப்பு வைத்த குளியலிடம். கதவைத் திறந்ததும் அத்தை வாசலிலேயே நின்றுவிட்டாள். நண்டுத் தண்ணீர் காய்ந்து விறைத்துப்போன சேலையோடு, இரண்டு பேருடைய வாந்தியையும் ஏந்தி வந்த கையோடு, மூக்கைப் பொத்தினாள்.

“சீ” என்றாள். “என்ன நாத்தம்டி இது? மனுஷி இருக்கிற இடமா?”

குளியலிடத்துச் சாக்கடை. எனக்குப் பழகிப்போயிருந்தது, நாற்றமாகவே தெரியவில்லை. அத்தை தடுப்பைத் தூக்கிப் பார்த்தாள். ஜல்லடையில் முடியும் சோப்பும் சேர்ந்து எலிபோல ஒன்று கிடந்தது. “ஒளிச்சு வேற வெச்சிருக்கா” என்றாள். “இவளைத்தான் பட்டம் வாங்கினவன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறேன்.” குளிப்பதற்கு முன்னால் அதைத்தான் சுரண்டினாள். நான் இன்னொரு ஜல்லடை வாங்கக் கடைக்குப் போனேன். வழியில் அழுதேனா சிரித்தேனா என்று பார்த்தவர்கள்தான் சொல்லவேண்டும்.

மறுநாள் காலை மேனேஜர் போன் செய்தார். அத்தை ஸ்பீக்கரைப் போட்டுப் பேசினாள். ஓடுதளத்தில் விமானம் அப்படியே நிற்கிறதாம். போர்ட்டர்கள் தொட மாட்டோம் என்கிறார்களாம். ஓட்டல்காரர் ஒரு பெட்டியில் வாந்திக் கறை இருந்ததாகத் திருப்பி அனுப்பிவிட்டாராம். ஆபரேஷன்தான் நடக்கவில்லையே, அப்புறம் அங்கே என்ன வேலை, எப்போது வருகிறீர்கள் என்று கேட்டார்.

அத்தை என் சீப்பை எடுத்தாள். நிதானமாக, தலை முழுக்க ஒரு தடவை வாரிக்கொண்டாள்.

“அஞ்சு நிமிஷம்” என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

அதற்குப் பிறகு அவர் பல தடவை கூப்பிட்டார். ஒவ்வொரு தடவையும் அதே பதில். மாதக் கடைசியில் வேலை போய்விட்டது என்று அப்பா சொன்னார். வேறொரு பெண்ணைப் போட்டிருக்கிறார்களாம், அதே பாட்டிலைக் கொடுத்திருக்கிறார்களாம். கையுறை இருக்கிறதா என்று அத்தை கேட்டாள். இல்லையாம். மூடியைத் திருகும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளச் சொல்லு என்றாள். அன்று அவள் சாப்பிடவில்லை.

நாங்கள் இரண்டு பேரும் அந்தச் சின்ன அறையில் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு இருந்தோம். அவள் வலது கண் இன்னும் கொஞ்சம் மங்கியது. அரிசியில் கல் பொறுக்க என்னைக் கூப்பிடுவாள், நான் பொறுக்கியதை விரலால் தடவித் திரும்பவும் இரண்டு கல் எடுத்துக் காட்டுவாள். என் அலுவலகத்தில் எல்லோரும் தீவுக்குச் சுற்றுலா போகத் திட்டம் போட்டார்கள். எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் ஆகும் என்று என்னிடம் கேட்டார்கள். இருபது நிமிஷம் என்று நாக்கு நுனிவரை வந்தது. என்ன சொல்வது? யாருடைய மடியில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது என்றா? விசாரித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது, உள்ளே போன் அடித்தது. அத்தை எடுத்தாள். அதே நர்ஸ். வாசலிலிருந்தே எனக்குக் குரல் கேட்டது. வந்திருக்கிறது, டாக்டர் இருக்கிறார், எவ்வளவு நேரம் ஆகும்.

அத்தை வாயைத் திறந்தாள். “இரு...” என்று ஆரம்பித்துவிட்டாள். அத்தனை வருஷத்துப் பழக்கம், நாக்கு தானாகப் போகிறது. பட்டென்று நிறுத்தினாள். மறுமுனையில் நர்ஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்திருப்பாள். நானும்தான், ஈரத்துணியோடு.

“பக்கத்துலதாம்மா இருக்கேன்” என்றாள் அத்தை. “இதோ, செருப்பு மாட்டிட்டேன்.”

மாட்டியிருக்கவில்லை. செருப்பு எங்கே என்று காலால் துழாவிக்கொண்டிருந்தாள். நான் துணியைப் போட்டுவிட்டு ஓடிப்போய் எடுத்து அவள் காலடியில் வைத்தேன்.

“வலது எது இடது எதுன்னு பார்த்து வைடி” என்றாள்.